காலியாக இருந்த இடப்பக்கம்

எங்கள் வீட்டுக்கும் காய்கறிக் கடைக்கும் நடுவே ஒரு நாற்சந்தி இருக்கிறது. சிக்னல் கிடையாது, போலீஸ்காரர் கிடையாது. நான்கு பக்கமும் பக்கத்துக்கு ஒரு சிவப்புப் பலகை, நில் என்று. நான்கு வண்டிகள் வந்தால் நான்கும் நிற்கும். முதலில் வந்தவர் முதலில் போவார், இரண்டாவதாக வந்தவர் இரண்டாவதாக. யாருக்கு எந்த எண் என்று யாரும் சொல்வதில்லை. அவரவர் மனதில் குறித்துக்கொள்கிறார்கள். சில நேரம் இருவர் ஒன்றாக வந்துவிட்டால், நீ போ, நீ போ என்று கையைக் காட்டிக்கொண்டு இருவருமே நிற்பார்கள். மகளோடு இருக்கக் கடல் கடந்து கால்கரிக்கு வந்த புதிதில் அந்த மூலையிலிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து இதையே வேடிக்கை பார்த்திருக்கிறேன். சென்னைத் துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் டேலி கிளார்க்காக இருந்தவன் நான். கப்பலிலிருந்து இறங்குவதை எண்ணிக் குறிப்பதுதான் உத்தியோகம். ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எண்ணுவது மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. வரிசை கலையாமல் நடக்கும் எதைப் பார்த்தாலும் எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

அந்த நிறைவை நான் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. துறைமுகத்தில் ஓய்வு பெற்ற நாங்கள் ஐம்பத்திரண்டு பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். காலையில் சாமி படம், மாலையில் பென்ஷன் செய்தி. நடுவில் என்னுடைய உபதேசம். இங்கே யாரும் ஹாரன் அடிப்பதில்லை, இங்கே யாரும் வரிசையை மீறுவதில்லை, நம் ஆட்கள் எப்போது திருந்தப்போகிறார்கள் என்று எழுதுவேன். நாற்சந்தியை வீடியோ எடுத்துப் போட்டேன். யாரோ ஒருவர், "சார், அங்க மொத்தமே நாலு வண்டிதான் கீதா?" என்று கேட்டார். நான் இரண்டு நாள் குழுவில் பேசவில்லை. அதில் இருப்பவர்களும், என்னைப்போல் வயதான காலத்தில் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தவர்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

போன ஜூன் மாதம் என் மைத்துனன் சேகர் திருவொற்றியூரிலிருந்து வந்திருந்தான். என் மனைவியின் தம்பி. அறுபது வயதாகிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிகளுக்குத் தார்ப்பாயும் கயிறும் விற்கும் கடை வைத்திருக்கிறான். அவனுக்கு மலை காட்ட வேண்டும் என்று மகள் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும் தேசியப் பூங்காவுக்கு எங்களை அழைத்துப் போனாள். பூங்கா என்றால் நாம் நினைக்கிற பூங்கா அல்ல. மலைத்தொடர் மொத்தமும் பூங்கா. அதற்குள் ஊர், ஆறு, ரயில், நெடுஞ்சாலை எல்லாம் இருக்கின்றன. நுழைவுச் சீட்டைக் காரின் கண்ணாடியில் தொங்கவிட்டுக்கொண்டு போக வேண்டும். இரண்டாம் நாள் காலை என் மனைவிக்கு முழங்கால் வலி. மகளுக்கு ஆபீஸ் வேலை ஏதோ வந்துவிட்டது. கணவாய்க்கு அப்பால் இருக்கும் ஏரியைச் சேகருக்கு நானே காட்டிவிட்டு வருகிறேன் என்றேன். மலைப் பாதை வேண்டாம் அப்பா என்று மகள் தடுத்தாள். நான் விடவில்லை. இந்த நாட்டில் நானாகச் சம்பாதித்தது ஒன்றே ஒன்றுதான், ஓட்டுநர் உரிமம். மூன்றாவது முயற்சியில் கிடைத்தது. அதையும் மகளின் சமையலறை அலமாரியிலேயே வைத்துக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை.

அந்தச் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் இரும்புத் தடுப்பு, அதற்குக் கீழே பச்சை நிறத்தில் ஆறு. போக ஒரு பாதை, வர ஒரு பாதை. இங்கே வலப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். ஜூன் மாதத்திலும் நிழல் விழும் வளைவுகளில் அழுக்குப் பனி குவிந்திருந்தது. குளிர்காலத்தில் தரை உறைந்து உப்பியதால் தார் அங்கங்கே அலை போல மேடு தட்டியிருந்தது. பனிச்சரிவு வரும் இடம், நிற்காதே என்று ஒரு பலகை. பாறை விழும் என்று ஒன்று. ஆடு குறுக்கே வரும் என்று ஒன்று. பலகைகளை நான் எண்ணிக்கொண்டே போனேன். பெட்ரோல் பாதி இருந்தும், போதுமா போதுமா என்று முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். செல்போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. சாலையின் நடுக்கோட்டில் தாரைச் சுரண்டி வரிவரியாக வெட்டியிருக்கிறார்கள். ஓட்டுகிறவர் கண்ணயர்ந்து சக்கரம் அதில் ஏறினால் வண்டி முழுவதும் உறுமும். ஒரு தடவை அப்படி உறுமியது.

"கோட்டத் தொட்டா ரோடே உன்னத் திட்டுது பாத்தியா மாமா" என்றான் சேகர்.

வேகத்தைப் பற்றியும் அவனுக்குக் குறை இருந்தது. அவன் கடைக்கு வரும் தண்ணி லாரிகூட இதைவிட வேகமாக வருமாம். எங்களுக்குப் பின்னால் நான்கு வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. பார்த்துக்கொள், இதுதான் ஒழுங்கு என்றேன். மெதுவாகப் போகிறவர்கள் ஒதுங்குவதற்கென்று விட்டிருந்த இடத்தில் ஒதுங்கி அவர்களைப் போகவிட்டேன். நான்கு பேரும் ஸ்டியரிங்கிலிருந்து கையை உயர்த்தி நன்றி காட்டிவிட்டுப் போனார்கள். அந்த நான்கு கைகளையும் சேகர் பார்த்தானா என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

அடுத்த வளைவில் ஆரஞ்சு நிறப் பலகைகள் வந்தன. சாலை வேலை நடக்கிறது, ஒற்றைப் பாதை, நிற்கத் தயாராக இரு. மூன்றையும் படித்தேன். படித்தது கண்ணோடு நின்றுவிட்டது, காலுக்குப் போகவில்லை. ஏனென்றால் வளைவு திரும்பியதும் நான் பார்த்தது, வலப்பக்கம் ஓரமாக நின்றுகொண்டிருந்த நீண்ட வரிசை. வரிசையின் கடைசியில் இருந்தவை எல்லாம் பெரிய வண்டிகள். வீட்டையே பின்னால் கட்டி இழுத்துப்போகும் டிரெய்லர்கள், பஸ் உயரத்துக்கு முகாம் வண்டிகள். என்ஜினை அணைத்துவிட்டுச் சிலர் வெளியே இறங்கி நின்றார்கள். ஒருவர் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து தெர்மாஸ் குடுவையிலிருந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கு இடப்பக்கம் சாலை காலியாக இருந்தது.

எண்ணூர் விரைவுச் சாலையில் போய் வந்தவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். துறைமுகத்தின் வாசலுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் திருவொற்றியூர் தாண்டி, சில நாட்களில் எண்ணூர்வரைக்கும் சாலையோரம் வரிசையாக நிற்கும். ஒரு நாள், இரண்டு நாள் என்று நிற்கும். ஓட்டுநர்கள் லாரிக்கு அடியில் தூங்குவார்கள், ஸ்டவ் வைத்துச் சமைப்பார்கள், இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே கயிறு கட்டி லுங்கி காயப்போடுவார்கள். அந்தக் கயிறு பெரும்பாலும் சேகரின் கடையில் வாங்கியது. முப்பத்து நான்கு வருடத்தில் பின்பாதி முழுவதும் அந்த வரிசைக்குப் பக்கத்தில் ஸ்கூட்டரில் போய்த்தான் வேலை பார்த்தேன். எங்கள் ஊர்க்காரனுக்கு நிற்கிற வண்டிகள் சாலையின் பகுதி அல்ல. அது ஒரு மதில். மதிலுக்குப் பக்கத்தில் எங்கே இடம் இருக்கிறதோ அதுதான் சாலை. அந்த வரிசையில் போய்க் கடைசியில் நிற்கும் கார்க்காரனைப் பார்த்தால் பாவம், வெளியூர் போலிருக்கிறது என்போம்.

"இன்னாத்துக்கு மாமா இத்தினி வண்டி நிக்குது?" என்று சேகர் கேட்டான். முகாம் போடும் இடத்துக்கு இடம் பிடிக்க நிற்கிறார்கள் போலிருக்கிறது, நமக்கில்லை என்றேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை. அவனும் யோசிக்கவில்லை. "டிரெய்லர் லைனு. நீ போ" என்றான். இடப்பக்கம் ஒடித்தேன். நடுக்கோடு உறுமியது. போனேன்.

பக்கத்தில் வண்டிகள் ஒன்றொன்றாகப் பின்னால் போயின. வழக்கப்படி எண்ணினேன். பதினைந்துக்கு மேல் டிரெய்லர்கள் முடிந்து சாதாரணக் கார்கள் வர ஆரம்பித்தன. குழந்தைகள் இருக்கும் கார்கள், மேலே படகு கட்டிய கார்கள். அப்போதுதான் இது முகாமுக்கு நிற்கும் வரிசை இல்லை என்று எனக்கு உறைத்தது. ஆனால் வரிசைக்குள் நுழைய இடம் இல்லை, பின்னால் போக முடியாது. முன்னால் போய்விட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஊரில் அப்படித்தான் சரியாகும். வளைவு திரும்பினால், கையில் நில் என்ற பலகைக் கம்போடு ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஒரு பெண் எங்களை நோக்கி ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால், மலைச் சரிவைச் செதுக்கி வேலை நடந்துகொண்டிருந்த ஒற்றைப் பாதையில், என் பின்னால் வா என்று எழுதிய வழிகாட்டி வண்டியும், அதற்குப் பின்னால் மரத்தடிகள் ஏற்றிய லாரியும், அதற்குப் பின்னால் எதிர்த்திசை வண்டிகள் அத்தனையும் வந்துகொண்டிருந்தன. எனக்கும் வழிகாட்டி வண்டிக்கும் நடுவே ஒரு லாரி நீளம்தான் மிச்சம். எல்லாம் நின்றன.

அந்தப் பெண் கண்ணாடியைத் தட்டினாள். முப்பது வயதிருக்கும், வெயிலில் சிவந்த முகம். எமர்ஜென்ஸியா என்று கேட்டாள். அவள் கேட்டதில் கோபம் இல்லை. வரிசையைத் தாண்டி ஒரு கிழவன் வருகிறான் என்றால் அவன் வண்டியில் யாருக்கோ உயிர் போகிறது என்பதைத் தவிர அவளுக்கு வேறு காரணம் தோன்றவில்லை. நான் சாரி, சாரி என்றேன். முப்பத்து நான்கு வருடம் கப்பல் கேப்டன்களிடம் ஆங்கிலம் பேசியவனுக்கு அந்த ஒரு சொல்லுக்கு மேல் வரவில்லை. அவள் என்னைத் தாண்டிச் சேகரைப் பார்த்தாள். சேகருக்கு அவள் பேசியதில் புரிந்தது எமர்ஜென்ஸி ஒன்றுதான். அது போதுமானதாக இருந்தது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சீட்டில் சாய்ந்துவிட்டான்.

"கம்முனு இரு மாமா, நான் பாத்துக்கறேன்" என்றான், கண்ணை மூடிக்கொண்டு.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்துக்கொண்டு நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் ரேடியோவில் ஏதோ சொன்னாள். வரிசையின் முதலில் நின்ற முகாம் வண்டிக்காரர் இறங்கிவந்து பார்த்தார். திரும்பிப் போய்ப் பின்னால் இருந்தவரிடம் சொன்னார். அவர் அவருக்குப் பின்னால் இருந்தவரிடம். ஒவ்வொரு வண்டியாகப் பின்னால் நகர ஆரம்பித்தது. வீட்டைக் கட்டி இழுக்கும் டிரெய்லரைப் பின்னால் எடுப்பது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். அங்குலம் அங்குலமாக, ஒருவர் கையைக் காட்ட ஒருவர் ஓட்ட, இரும்புத் தடுப்பை உரசாமல் எடுத்தார்கள். வரிசையின் முதல் இடத்தில் எனக்கு ஒரு கார் நீளத்துக்கு இடம் உண்டாக்கினார்கள். அதில் என்னை நுழையச் சொன்னார்கள். நுழைந்தேன். எதிரே காத்திருந்த வண்டிகள் என்னைத் தாண்டிப் போயின. மரத்தடி லாரிக்காரர் எங்கள் காருக்குள் பார்த்துத் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

அதற்குள் பின்னாலிருந்து நரைத்த முடியோடு ஒரு பெண்மணி சிறிய பையுடன் ஓட்டமும் நடையுமாக வந்தாள். தான் ஒரு நர்ஸ் என்றாள். சேகரின் பக்கத்துக் கதவைத் திறந்து, சாலையில் மண்டியிட்டு, அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். எவ்வளவு நேரமாக வலி, சர்க்கரை உண்டா என்று என்னிடம் கேட்டாள். சர்க்கரை உண்டு என்றேன். அது உண்மைதான்; ஆனால் அந்த இடத்தில் அந்த உண்மைகூடப் பொய்யின் பக்கம்தான் சேர்ந்தது. கம்புக்காரப் பெண் வந்து சொன்னாள்: வழிகாட்டி வண்டி எங்களை மட்டும் முதலில் அந்தப் பக்கம் கூட்டிப்போகும். ஆம்புலன்ஸ் அந்தப் பக்கத்து ஊரிலிருந்து கிளம்பச் சொல்லியாகிவிட்டது. இந்தப் பள்ளத்தாக்குக்கே அது ஒன்றுதான், அதனால் தூரம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுத்துக்கொள்ளச் சொல்லி அவள்தான் வருத்தப்பட்டாள்.

நர்ஸ் தன் மேல்கோட்டைக் கழற்றிச் சேகரின் கால்மேல் போர்த்தினாள். அவன் கண்ணைத் திறந்து பார்த்தான். பின்னால் வண்டிகள் ஒதுங்கி நிற்பதைப் பார்த்தான். தூரத்தில் ஒரு பெண், குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கமே பார்த்தபடி நின்றாள். அவன் முகம் கோணியது. நடிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை.

"அம்மாக்கு ஒருத்தன்கூட ஒதுங்கல மாமா" என்றான்.

என் மாமியாரைப் பற்றிச் சொன்னான். ஒரு முற்பகலில் அவருக்கு நெஞ்சுவலி வந்து, திருவொற்றியூர் வீட்டிலிருந்து ஆட்டோவில் ஏற்றி ராயபுரத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். கடலோரச் சாலையில் கன்டெய்னர் வரிசை ஒரு பக்கம் நின்றது. மறுபக்கத்தில் எதிரும் புதிருமாக மூன்று வரிசை மாட்டிக்கொண்டு நகரவில்லை. சேகர் ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடி, ஒவ்வொரு வண்டியாகத் தட்டிக் கெஞ்சியிருக்கிறான். எல்லோரும் முன்னால் இருப்பவனைக் காட்டினார்கள். நான் துறைமுகத்திலிருந்து நேராகப் போய் ஆஸ்பத்திரி வாசலில் காத்துக்கொண்டிருந்தேன். ஆட்டோ வந்து சேர்ந்தபோது டாக்டருக்கு வேலை இருக்கவில்லை.

"எனக்கு ஒண்ணுமே இல்ல, மலையே ஒதுங்குது. வாணாம் மாமா. இந்தம்மாகிட்ட சொல்லிடு. எனக்கு இங்கிலீசு வராது, வந்தா நானே சொல்லிடுவேன்."

சொன்னால் என்ன ஆகும் என்று நான் கணக்குப் போட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. போலீஸ், அபராதம், உரிமம், மகள். சொல்லாவிட்டால் ஒன்றுமே ஆகாது. அந்தப் பக்கம் போய் ஆம்புலன்ஸில் இப்போது பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். நெஞ்சுவலி சொல்லிக்கொண்டா வருகிறது, போகிறது. யாரும் சந்தேகப்படமாட்டார்கள். இங்கே யாரும் சந்தேகப்படுவதே இல்லை. ஆனால் அந்த ஒற்றை ஆம்புலன்ஸ் எங்களை நோக்கிப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் வேறு எங்கேயாவது ஒரு சேகர் யார் கதவையாவது தட்டிக்கொண்டிருக்கலாம்.

காரை விட்டு இறங்கினேன். நர்ஸிடம் சொன்னேன். இவருக்கு உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. நான் வரிசையைத் தாண்டி வந்தது தவறு. அதை மறைக்க இப்படிச் செய்துவிட்டோம். ஆம்புலன்ஸை நிறுத்தச் சொல்லுங்கள். அவள் முதலில் நம்பவில்லை. நோயாளிகள் பயத்தில் அப்படிச் சொல்வது உண்டு என்று என் தோளைத் தொட்டாள். இரண்டாவது தடவையும் சொல்ல வேண்டியிருந்தது. என் வாயால், இது பொய், இது பொய் என்று. பிறகு புரிந்துகொண்டாள். சேகரின் மணிக்கட்டை மெதுவாக அவன் மடியில் வைத்தாள். நாடி உண்மையிலேயே வேகமாகத்தான் இருக்கிறது, ஊருக்குப் போனதும் ஒரு டாக்டரைப் பாருங்கள் என்றாள். கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கம்புக்காரப் பெண் ரேடியோவில் பேசி முடித்தாள். நான் திட்டுக்குக் காத்திருந்தேன். எங்கள் ஊராக இருந்தால் போலீஸ்காரர் என் வயதையும் பார்க்காமல் நாலு வார்த்தை கேட்டிருப்பார், சுற்றி நின்றவர்கள் ஆளுக்கு ஒன்று சேர்த்திருப்பார்கள். எல்லாம் அங்கேயே தீர்ந்திருக்கும். இவள் கையை நீட்டி, வரிசையின் கடைசி அங்கே, சார் என்றாள். அவ்வளவுதான். அந்த சார் இன்னும் என்னிடமே இருக்கிறது. அன்று மாலை மகளிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவளும் திட்டவில்லை. சாவியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

கம்புக்காரப் பெண் காட்டியபடி காரைத் திருப்பி, வந்த வழியே கீழே இறங்கினேன். இப்போது நான் ஓட்டிய பாதை எனக்கு உரியது; ஆனால் வரிசையில் நிற்பவர்களின் ஓட்டுநர் ஜன்னல்கள் அத்தனையும் என் ஜன்னலுக்கு ஒரு கை தூரத்தில் இருந்தன. செய்தி பின்னால்வரை போயிருந்தது. பொய் என்ற செய்தி இன்னும் போகவில்லை. முதல் ஜன்னல் இறங்கியது. அவர் நலமா என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை, தவறு என்னுடையது என்றேன். அடுத்த ஜன்னலிலும் அதே கேள்வி. ஒருவர் தண்ணீர் பாட்டில் நீட்டினார். ஒரு கிழவி விரல்களைக் கோத்துப் பிரார்த்தனை செய்வதுபோல் காட்டினாள். கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன். பத்துப் பேரைத் தாண்டிய பிறகு குரல் போய்விட்டது, தலையை மட்டும் ஆட்டினேன். அதை அவர்கள் நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். சேகர் இரண்டு கைகளையும் கூப்பி நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு வந்தான். மொத்தம் நாற்பத்தொரு வண்டிகள். எனக்கு என் மாமியாரின் ஆட்டோ நினைவில் ஓடியது. அன்றைக்கு அதை மறித்தது கன்டெய்னர்கள் என்றுதான் இத்தனை வருடமும் குடும்பத்தில் சொல்லிக்கொண்டிருந்தோம். கன்டெய்னர்கள் ஓரமாகத்தானே நின்றன. அவற்றைத் தாண்டிவிட்டால் சரியாகிவிடும் என்று எதிர்ப்பக்கத்தில் ஏறி வந்து, போகவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் நின்றவர்கள்தான் மறித்தவர்கள். அவர்களில் யாரும் கெட்டவராக இருந்திருக்கமாட்டார்கள். தலையில் ஹெல்மெட், தோளில் சாப்பாட்டுப் பை, கறுப்பு ஷூ. என்னைப்போல் வேலைக்குப் போகிறவர்கள்.

கடைசி டிரெய்லருக்குப் பின்னால் காரைத் திருப்பி நிறுத்தி என்ஜினை அணைத்தேன். மலையில் சத்தமே இல்லை. கீழே ஆற்றின் ஓசை மட்டும். சேகர் எங்களுக்கு இடப்பக்கம் ஏறிப்போகும் பாதையைப் பார்த்தபடி, "எவ்ளோ ரோடு சும்மா கீது பாரு மாமா" என்றான். கேலியாகச் சொல்லவில்லை. நானும் பார்த்தேன். வளைவுவரைக்கும் ஒரு வண்டி இல்லை, வெயில் மட்டும் கிடந்தது. நாற்பத்தொரு பேர் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதைத் தொடாமல் இருந்தார்கள். நாங்கள் நாற்பத்திரண்டாவது. சரிவான இடம் என்பதால் ஹேண்ட்பிரேக் போட்ட பிறகும் காலைப் பிரேக்கிலிருந்து எடுக்க எனக்குப் பயமாக இருந்தது. கால் அங்கேயே இருந்தது. கண் மட்டும் அந்தக் காலிப் பாதையில் ஏறித் திருவொற்றியூர்வரைக்கும் போய்க்கொண்டே இருந்தது.